மறைப்புக் காலம்

நான் சைவம். எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. அப்படிப்பட்டவளின் ஃப்ரீசரில், ஐஸ் தட்டுக்குப் பின்னால், ஒரு பொட்டலம் கருவாடு கிடந்தால் எப்படி இருக்கும்? செய்தித்தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, யாரோ அக்கறையாகத்தான் வைத்திருந்தார்கள். திருட வந்தவன் கருவாடு வைத்துவிட்டுப் போகமாட்டான். மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். யார் வைத்தது என்று யோசித்தால் மண்டைக்குள் ஒன்றும் தட்டுப்படவில்லை.

அப்போதுதான் புரிந்தது. இந்தத் தடவை எனக்கு மறைத்திருக்கிற ஆள் லேசுப்பட்ட ஆள் இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் உலகம்மாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலநீரியல் பேராசிரியர். ஓய்வுபெறும் நாள் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் வந்து சேரமாட்டேன் என்கிறது. எங்கள் முதுநிலைப் படிப்பில் தனிப்படிப்பு என்று ஒன்று உண்டு. வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது. மாணவர் தானே ஒரு பொருளை எடுத்து, தானே ஆராய்ந்து, ஐந்து அத்தியாயம் எழுதித் தர வேண்டும். வழிகாட்ட ஒரு நெறியாளர் இருப்பார். மதிப்பெண் போடுகிறவரும் அவரேதான். இதில் என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியக்காரர் வேண்டாம். பேரைப் பார்த்து, ஊரைப் பார்த்து, அப்பன் யார் என்று பார்த்து மதிப்பெண் விழுந்தது. வீட்டுக்கு வந்து காய்கறி வாங்கிக் கொடுத்த பிள்ளைக்கு 'ஏ'. எதிர்த்துக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு 'சி'.

அதற்கு மருந்தாக வந்ததுதான் மறைப்பு. மதிப்பிடுகிற சில நாட்களுக்கு, நெறியாளரின் ஞாபகத்திலிருந்து அந்த மாணவரை மட்டும் மறைத்துவிடுவார்கள். மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றியதும் திறந்துவிடுவார்கள். தேர்வுப் பிரிவில் அதற்கென்று ஓர் அறை, ஒரு நாற்காலி, தலையில் மாட்ட ஒரு கவசம். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் இசக்கியப்பன். கருவாட்டைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நான் போய் உட்கார்ந்தபோதும் அவர்தான் கவசத்தை மாட்டினார்.

"என்னெல்லாம் போகும் இசக்கியப்பன்? திரும்ப ஒரு தடவை சொல்லும்" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் கேட்பேன். பயம்தான், வேறென்ன?

"பாடம் எதுவும் போவாது மேடம். அந்த ஆளோட பேரு, முகம், குரல் போவும். ரெண்டு பேரும் பேசினது போவும். அந்த ஆளோட சேந்து உக்காந்து யோசிச்சதும் கூடவே போவும். அதை மட்டும் தனியாப் பிரிக்க முடியல பாத்துக்கிடுங்க. பயப்படாதிய, எங்க போயிரப் போவுது? நாலு நாள்தானே."

மறைப்புக்கு முன்னால் மாணவர்கள் வந்து தடயம் ஒதுக்குவது எங்களிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நெறியாளர் அறையில் விட்ட குடை, பேனா, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்த புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்களும் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இந்தமுறை தடயம் ஒதுக்கிய பிள்ளை வீட்டையே ஒதுக்கியிருக்கிறது. ஃப்ரீசரை மறந்துவிட்டது. எந்த மாணவரின் கருவாடு பேராசிரியர் வீட்டு ஃப்ரீசர்வரை வரும்? கார் மிதியடியில் கடலோரத் தேரிக்காட்டுச் செம்மண் வேறு ஒட்டிக்கிடந்தது. எனக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் யாரும் கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைப்பு வந்த புதிதில் நன்மை இருந்தது. பேர் தெரியாமல் படித்தபோதுதான், பல பேராசிரியர்கள் தாங்கள் 'சி' போட்டுக்கொண்டிருந்த ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக எழுதுகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். சில பேர் வெட்கப்பட்டார்கள்கூட. பிறகு மனிதர்கள் வழக்கம்போல ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போடக் கை வரவில்லை. ஃப்ரீசரை மூடிவிட்டு ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடலோர ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றிய ஆய்வு. முதல் நாலு அத்தியாயத்தைப் படித்தபோது எனக்குக் களைப்பே போய்விட்டது. பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் இணையத்திலிருந்து அள்ளிப்போட்ட குப்பையைப் படித்துப் படித்து என் கண் அவிந்துபோயிருந்தது. இந்தப் பிள்ளை ஒவ்வொரு கிணற்றுக்கும் போயிருக்கிறது. கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை தண்ணீர் எடுத்திருக்கிறது. எந்த வீட்டில் சோறு மஞ்சளாக வேகிறது, எந்த வீட்டில் சோப்பு நுரைக்கவில்லை என்றுகூட எழுதியிருந்தது. கணக்குகள் சுத்தம். கடல் அடியில் உள்ளே வந்துவிட்டது, அந்தக் கிணறுகள் இனித் திரும்பாது, ஊருக்கு வேறு தண்ணீர் பார்க்க வேண்டும். நாலு அத்தியாயமும் அதைத்தான் சொல்லின.

ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பினேன். மழைநீர்க் குழிகள் வெட்டினால் பத்தாண்டில் கிணறுகள் மீண்டுவிடும், நம்பிக்கை இழக்கத் தேவையில்லை என்று ஆண்டு விழாவில் பேசுகிற மாதிரி எழுதியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள்! இந்த முடிவை நம்பி ஒருவன் குழி வெட்டிவிட்டு, பத்து வருஷம் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருப்பானே? அவன் பிள்ளைகளின் சிறுநீரகம் என்ன ஆவது?

குறிப்புப் பகுதியில் எழுதித் தள்ளினேன். "இந்த அத்தியாயத்தை எழுதியவருக்கு முந்தைய நான்கு அத்தியாயங்களைப் படிக்கும் பொறுமை இல்லை. இது ஆய்வு முடிவல்ல, ஆறுதல் மிட்டாய். உங்களை இப்படி எழுதச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்."

மதிப்பெண் இன்னும் ஏறவில்லை என்று தெரிந்து, துறைத் தலைவர் கோமதிநாயகம் மறுநாள் காலையே என் அறைக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். பிரச்சினை என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

"நான் சொல்லுதேன்னு கோவப்படாதிய மேடம். பேசாம 'பி' போட்டு விட்ருங்க."

இதுதான் அந்தக் குறுக்கு வழி. 'ஏ' போட்டால் இரண்டாவது மதிப்பீட்டுக்கு வெளியூர் அனுப்புவார்கள், திறப்பு தள்ளிப்போகும். 'சி' போட்டால் பிள்ளை மேல்முறையீடு செய்யும், அதுவும் தள்ளிப்போகும். 'பி' போட்டால் அன்றைக்கே திறந்துவிடுவார்கள். அதனால் எல்லாருக்கும் 'பி'. ஆளை மீட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நானும் எத்தனையோ பேரை அப்படி மீட்டிருக்கிறேன்.

"இதுக்கு 'பி' போட முடியாது சார். நாலு அத்தியாயம் 'ஏ'வுக்கு மேல. கடைசி அத்தியாயம் குப்பை. இன்கம்ப்ளீட் போடப் போறேன். திருத்திக் கொண்டு வரட்டும்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இன்கம்ப்ளீட்டா? விதி தெரியும்லா மேடம்? அந்தப் பிள்ளை திருத்திக் குடுக்கிற வரைக்கும் மறைப்பு எடுக்க மாட்டாங்க. ஒரு வருசம் தாண்டிட்டுன்னா அதுக்கு ஃபெயிலு. உங்களுக்குத் திறக்கவும் முடியாது, உள்ளயே தூந்து மூடிப் போயிரும்ங்கான் இசக்கியப்பன். அந்தப் பிள்ளைய நீங்க சாவுற மட்டும் நெனைக்க முடியாது. நடுவுல ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசவும் கூடாது."

"தெரியும்."

"அது சும்ம ஒரு ஸ்டூடண்ட் இல்ல மேடம். அது உங்க..."

"சொல்லாதிய! சொன்னா உங்க வேலை போயிரும்."

அவர் வெளியே போய்விட்டார். ஆனால் அந்தப் பாதி வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது உங்க யார்? எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கணவர் போன பிறகு தனியாக வாழ்கிறவள். உறவுக்காரரை நெறியாளர் மதிப்பிட விதியில் இடமும் இல்லை. பின்னே யார் என் வீட்டில் கருவாடு வைத்தது?

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. 'பி' என்று அழுத்தினால் சாயங்காலமே எல்லாம் தெரிந்துவிடும். விரலை அதன் மேல் வைத்துவிட்டு எடுத்தேன். அந்த நாலு அத்தியாயத்தை எழுதிய பிள்ளைக்கு, என் வீட்டு நிம்மதிக்காக ஒரு 'பி'யைத் தூக்கிப் போடுவதா? அதைவிட அவமானம் வேறில்லை. இன்கம்ப்ளீட் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல! ஒரு தம்ளர் காபி போட நினைத்து இரண்டு தம்ளர் பால் ஊற்றுவேன். மிச்சத்தைக் குடிக்க ஆள் இல்லாமல் கொட்டுவேன். சமையலறை ஜன்னலை ஏன் தினமும் மத்தியானம் போய்த் திறக்கிறேன் என்று எனக்கே தெரியாது. டிவி பார்க்கும்போது சோபாவில் ஓர் ஓரமாக ஒதுங்கி உட்காருவேன், பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு. ஆள் யார் என்று தெரியாமல் ஓர் ஆளைத் தேடுவது பெரிய கொடுமை. துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வரமாட்டார்கள்.

ஒருநாள் துறை வராந்தாவில், என் அறைக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. கறுத்த, ஒடிசலான பெண். மடியில் ஒரு பை. என்னைப் பார்த்ததும் சடாரென்று எழுந்து நின்றது.

"யாரைம்மா பாக்கணும்?"

"யாரையும் இல்ல மேடம். சும்ம உக்காந்திருக்கேன்."

"வெயில் அடிக்குதே, உள்ளே வந்து உக்காருங்க."

'உக்காருங்க' என்றதும் அதன் கண் நிறைந்துவிட்டது. "இல்ல மேடம், இருக்கட்டும்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டது. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. இதுவாக இருக்குமோ என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் முகத்தைப் பார்த்தால், பஸ்ஸில் பார்த்த ஏதோ ஒரு முகம் மாதிரி இருந்தது. எவ்வளவு முயன்றும் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பேர் கேட்டால் விதி மீறல், அதன் படிப்புக்கு ஆபத்து. கேட்காமல் உள்ளே போய்விட்டேன். பிறகும் சில தடவை அந்தப் பெஞ்சில் பார்த்தேன். அப்புறம் காணோம்.

வருஷம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது, திருத்திய ஐந்தாம் அத்தியாயம் தேர்வுப் பிரிவிலிருந்து வந்தது. சின்ன அத்தியாயம்தான், ஆனால் அதற்காக மறுபடி ஒரு கோடையும் ஒரு மழையும் காத்திருந்து தண்ணீர் எடுத்திருந்தது. கிணறுகள் செத்துவிட்டன என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. குழி வெட்டுவதால் என்ன ஆகும், ஏன் ஆகாது என்று கணக்கோடு காட்டியிருந்தது. எந்த ஊருக்கு எங்கிருந்து குழாய் இழுக்கலாம் என்று வரைபடம். கடைசியில், ஆய்வாளர் தன் சொந்த ஊர்க் கிணற்றையும் இதில் சேர்த்திருக்கிறார் என்று ஒரு வரி. எனக்கு அழுகை வந்தது. பெருமையா, துக்கமா, தெரியவில்லை. 'ஏ' என்று ஏற்றினேன். வெளியூரிலிருந்தும் 'ஏ' என்றே திரும்பி வந்தது. இசக்கியப்பன் போன் பண்ணிக் கூப்பிட்டார்.

"நீண்ட மறைப்பு மேடம். ஒரேயடியா வராது. முதல்ல வாசனை வரும், பொறவு குரலு, கடைசியாத்தான் முகம். பதறாம இருங்க" என்று சொல்லிக் கவசத்தை மாட்டினார்.

முதலில் வந்தது கருவாடு வறுக்கிற வாசனை. என் சமையலறை! "ஏளா, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வறுக்கக் கூடாதா, என் பூஜை அறை வரைக்கும் நாறுதே!" என்று நான் கத்துகிறேன். யாரோ சிரிக்கிறார்கள். ஹாஸ்டல் மூடிக்கிடந்தபோது வந்து, ஒரு வருஷம் என் வீட்டிலேயே தங்கி எழுதிய பிள்ளை. அம்மா ஊரிலிருந்து அனுப்புகிற கருவாடு. இரண்டு தம்ளர் காபி. ஜெனிபா! சகாய ஜெனிபா! பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். இசக்கியப்பன் தண்ணீர் எடுத்து வைத்தார்.

அதன் பிறகு குரல் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"இல்ல மேடம். கெணறு செத்துப்போச்சு. செத்ததைச் செத்துச்சுன்னுதான எழுதணும்?" இது ஜெனிபா. சாப்பாட்டு மேசையில் தாள்கள் பரப்பிக் கிடக்கின்றன.

"இப்பிடி முடிச்சா எவன் ஏத்துக்கிடுவான்? கடைசியில ஒரு நம்பிக்கை வைக்கணும். எழுது, நான் சொல்லுதேன்." இது நான்.

ஜெனிபா என்னைப் பார்க்கிறது. பிறகு குனிந்து எழுதுகிறது. ஆறுதல் மிட்டாய் முழுவதும் என் வாயிலிருந்து வந்தது, வரிக்கு வரி. அவள் எழுதியது நாலு அத்தியாயம். ஐந்தாவது என்னுடையது.

அதோடு போகவில்லை. குடிநீர் வாரியத்தில் அவளுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. பட்டம் கையில் வந்ததும் சேர வேண்டும். அதைக் கொண்டாட நான்தான் கேசரி கிண்டினேன். எல்லாம் தெரிந்திருந்த நான், ஒன்றும் தெரியாத நானாக உட்கார்ந்து இன்கம்ப்ளீட் போட்டு, அவள் வேலையையும் இருந்த வீட்டையும் பிடுங்கியிருக்கிறேன்.

வெளியே வந்தேன். தேர்வுப் பிரிவு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் தகவல் சொல்லியிருப்பார்கள். இன்னும் மெலிந்திருந்தாள்.

"மேடம், என்னைத் தெரியுதா?"

"ஏளா..." என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே அவள் முகம் உடைந்து, வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க கெடந்த இத்தனை மாசம்?"

"கொஞ்ச நாள் ஃப்ரெண்டு ரூம்ல. பொறவு ஊருக்குப் போயிட்டேன்."

"வேலை?"

"போயிட்டு மேடம். வேற ஆளைப் போட்டுட்டாங்க. தாமதம் எம்மேல இல்லன்னு யூனிவர்சிட்டில எழுதிக் குடுத்தா அடுத்த தடவை முதல் ஆளாச் சேக்கலாம்னு சொன்னாங்க. யாரு எழுதிக் குடுப்பா?"

"அஞ்சாவது அத்தியாயம் நான் சொல்லி எழுதுனதுன்னு தேர்வுப் பிரிவுல ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? அன்னைக்கே முடிஞ்சிருக்குமே!"

"தனிப்படிப்புல கைடு எழுதக் கூடாதுல்லா மேடம். உங்க மேலல்லா விசாரணை வரும். ரிட்டையர் ஆவப் போற நேரத்துல." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உங்க குறிப்பைப் படிச்சேன். எழுதச் சொன்னவர் பேச்சைக் கேக்காதியன்னு போட்டிருந்தீங்களே. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன். சரின்னு உங்க பேச்சைக் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வீட்டுக்கு வா. உன் கருவாடு ஃப்ரீசர்ல அப்பிடியே கெடக்கு. தூக்கிப் போடல."

"அய்யோ, அதை அங்கயா வச்சேன்? தேடிக்கிட்டே இருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல மேடம். அம்மா தனியா இருக்கா. ஊர்ல குழாய்க்கு மனு குடுத்திருக்கோம், கலெக்டர் ஆபீஸுக்கு அலையணும். பொறவு ஒரு நாள் வாரேன்."

வருவாள் என்று நினைக்கிறேன். வராமலும் போகலாம். நான் இல்லாமல் எழுதிய அத்தியாயம்தான் அவள் எழுதியதிலேயே சிறந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசலைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போகிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் சுள்ளென்று அடித்தது. கால் வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று உடம்பு கெஞ்சியது.

திரும்பவும் படியேறித் தேர்வுப் பிரிவுக்குள் போனேன். இசக்கியப்பன் கவசத்தைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்ன மேடம், எதும் ஞாபகம் வராம விட்டுப்போச்சா?"

"இல்லப்பா, எல்லாம் வந்துட்டு" என்றேன். "பதிவாளருக்கு ஒரு கடுதாசி எழுதணும். வெள்ளைத் தாள் இருந்தா ஒண்ணு குடும்."